அப்பாவின் ராணுவ ஜாக்கெட்டைப் போடலாமா?

ஓய்வுபெற்ற அப்பாவின் போர்ச்சீருடை ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு பைக் ஓட்டினால் வழக்கு வருமா என்று கேட்டிருந்தீர்கள். படைவீரர் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற நோக்கத்தோடு அணிந்தால்தான் குற்றம். இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 168-ஆம் பிரிவு, அதாவது பழைய இந்திய தண்டனைச் சட்டம் (ஐபிசி) 140. மூன்று மாதம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

சரி, உங்களுக்கு அந்த நோக்கம் இல்லை. ஆனால் அதை நடுரோட்டில் போலீஸ்காரருக்கு யார் புரியவைப்பது? தோள்பட்டை நட்சத்திரம், ரெஜிமென்ட் சின்னம், பெயர்ப்பட்டை எல்லாவற்றையும் பிரித்து அப்பாவிடமே கொடுத்துவிடுங்கள். அப்படியும் ராணுவப் பகுதியான கன்டோன்மென்ட் பக்கம் போட்டுப் போகாதீர்கள். 2016-இல் பதான்கோட் விமானப்படைத் தளத்தில் நடந்த பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பிறகு, ராணுவச் சீருடை வடிவத் துணியைப் பொதுமக்கள் உடுத்த வேண்டாமென்று ராணுவமே கேட்டுக்கொண்டது. நானாக இருந்தால் வெறும் பச்சை ஜாக்கெட் ஒன்று வாங்கிக்கொள்வேன்.