கடைசி நூறு அடி

அன்புள்ள ஐயா,

என் மகன் அமெரிக்காவில் ராபின்சன் ஆர்22 ஹெலிகாப்டரில் பயிற்சி பெறுகிறான். எஞ்சின் நின்றுவிட்டதாக வைத்துக்கொண்டு தரையிறங்கிப் பழகும்போதே பல ஹெலிகாப்டர்கள் நொறுங்கியிருக்கின்றன என்று படித்தேன். என்றோ வரப்போகும் ஆபத்துக்காக இன்றே உயிரைப் பணயம் வைக்க வேண்டுமா? அந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டால் என்ன?

ஒரு தாய்

அன்புள்ள அம்மா,

பெற்ற மனத்தின் பதற்றம் என்று உங்கள் கேள்வியை ஒதுக்க மாட்டேன். அரிதாக நேரும் எஞ்சின் கோளாறுக்காகப் பழகும்போது ஆண்டுதோறும் பல ஹெலிகாப்டர்கள் அழிகின்றன என்று அந்த ஹெலிகாப்டரைத் தயாரிக்கும் ராபின்சன் நிறுவனமே தன் பாதுகாப்புக் குறிப்பில் எழுதியிருக்கிறது. ஆனாலும் நிறுத்தக்கூடாது என்பேன்.

தணக்கு மரத்தின் காய் உதிர்வதைப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டு சிறகுகளும் சுழலச் சுழல மெல்ல இறங்கும். எஞ்சின் நின்ற ஹெலிகாப்டரும் அப்படி இறங்க முடியும். கீழிருந்து ஏறும் காற்றே, தலைக்கு மேல் சுழலும் இறக்கைத் தொகுதியான ரோட்டரைச் சுழற்றும். அதற்கு விமானி இடக்கை நெம்புகோலை அந்தக் கணமே கீழே தள்ள வேண்டும். ஆர்22-இன் ரோட்டர் எடை குறைந்தது. ஓரிரு நொடி தயங்கினாலே சுழற்சி தளர்ந்து, பிறகு எதுவும் செய்வதற்கில்லாமல் போய்விடும். யோசிக்க நேரமில்லை, கை பழகியிருக்க வேண்டும். அமெரிக்க அரசு 1995-இல் ஆர்22-க்கும் அதே நிறுவனத்தின் ஆர்44-க்கும் இதில் தனிப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது அதனால்தான்.

பழகும்போது நேரும் விபத்துகளில் பல, கடைசி நூறு அடியில் நேர்பவை. அந்த உயரத்தில் ரோட்டரின் சுழற்சி முள் பாதுகாப்பான அளவைக் காட்டும் பச்சைப் பட்டையின் நடுவில் நிற்க வேண்டும். வேகம் 60 முதல் 70 நாட் வரை (மணிக்குச் சுமார் 110 முதல் 130 கிலோமீட்டர்) நிலைத்திருக்க வேண்டும். இறக்கம் பொதுவாக நிமிடத்துக்கு 1,500 அடிக்குள் இருக்க வேண்டும். திருப்பம் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். ஒன்று பிசகினாலும் உடனே எஞ்சின் விசையைக் கொடுத்து மீண்டுவிட வேண்டும் என்கிறது அதே குறிப்பு. பயிற்சியாளர்களோ, மாணவன் தானே சரிசெய்துகொள்வான் என்று இன்னும் ஒரு நொடி பொறுக்கிறார்கள். வகுப்பறையில் அந்தப் பொறுமை நல்ல குணம். தரை எழும்பி வரும்போது அது உயிரைக் குடிக்கும். சொல்லாமல் கொள்ளாமல் த்ராட்டிலை, அதாவது எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் பிடியை, மூடி மாணவனைச் சோதிக்கும் பழக்கத்தையும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அதனால் உயிர் போகலாம் என்று நிறுவனம் 1987-லேயே எச்சரித்துவிட்டது.

மகனிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். த்ராட்டிலை மூடுவதற்கு முன் பயிற்சியாளர் சொல்கிறாரா? ஒரே மூச்சில் எத்தனை முறை இறங்கிப் பழகுகிறார்கள்? மூன்று நான்கு முறைக்கு மேல் கூடாது. களைப்பு இருவருக்குமே வரும். நான்காவது முடிந்ததும், "இன்றைக்குப் போதும், சார்" என்று சொல்ல அவன் கூச்சப்பட வேண்டாம்.