திரையை வரைவது கார்டா, பிராசசரா? மின்ட்டில் எஃபெக்ட்ஸ் தொலைந்தால் தேட வேண்டிய இடம்

கேள்வி: வீட்டு டெஸ்க்டாப்பில் லினக்ஸ் மின்ட் 22, சின்னமன் பதிப்பு வைத்திருக்கிறேன். கார்டு என்விடியா ஜிடிஎக்ஸ் 1050 டிஐ. பிராசசரில் தனியாக கிராஃபிக்ஸ் கிடையாது. போன வாரம் அப்டேட் மேனேஜர் காட்டியதையெல்லாம் போட்டுவிட்டு ரீஸ்டார்ட் செய்தேன். அதிலிருந்து திரை 1024×768 அளவிலேயே நிற்கிறது. இரண்டாவது மானிட்டர் தெரியவில்லை. ஜன்னலை இழுத்தால் விட்டு விட்டு நகர்கிறது, ஃபேன் ஓயாமல் இரைகிறது. ‘சாஃப்ட்வேர் ரெண்டரிங் மோட்’ என்று ஒரு அறிவிப்பும் வருகிறது. எஃபெக்ட்ஸை எல்லாம் அணைத்துப் பார்த்தேன், ஒரு மாற்றமும் இல்லை. கேடென்லைவில் பாதி வெட்டிய வீடியோ அப்படியே கிடக்கிறது. கார்டு போய்விட்டதா? மின்ட்டை அழித்துவிட்டு மறுபடி நிறுவட்டுமா?

பதில்: கார்டு போயிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மறுபடி நிறுவவும் வேண்டாம். நிறுவினாலும் அதே கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அப்டேட் திரும்ப வரும், நீங்களும் இதே இடத்தில் வந்து நிற்பீர்கள். உங்களுக்கு வந்த அந்த அறிவிப்பிலேயே விடை இருக்கிறது. திரையை இப்போது வரைவது உங்கள் கார்டு இல்லை, பிராசசர்.

எஃபெக்ட்ஸை அணைத்தும் ஏன் பலனில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலரும் அங்கேதான் நாளைக் கழிக்கிறார்கள். சின்னமனில் எந்த ஜன்னலும் நேராகத் திரையில் போய் விழுவதில்லை. ஒவ்வொன்றும் தனிப் படமாகத் தயாராகிறது. மஃபின் என்கிற ஜன்னல் நிர்வாகி அவற்றை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரே படமாக்கி, ஓப்பன்ஜிஎல் என்கிற வரைகலை இடைமுகம் வழியாகத் திரைக்கு அனுப்புகிறது. ஜன்னல் சுருங்குவது, மங்கி மறைவது போன்ற அசைவுகளை நீங்கள் அணைக்கலாம். அடுக்கும் வேலை மட்டும் நிற்காது. அதைச் செய்ய கார்டு கிடைக்காவிட்டால், மெசா தொகுப்பில் உள்ள எல்எல்விஎம்பைப் என்கிற மென்பொருள் அந்த வேலையை எடுத்துக்கொள்கிறது. அது முழுக்க முழுக்க பிராசசரில் ஓடுவது. ஃபேன் இரைவதற்கும் ஜன்னல் திக்குவதற்கும் அதுதான் காரணம்.

சரி, இதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். மெனுவில் சிஸ்டம் ரிப்போர்ட்ஸ் திறந்து, சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பக்கத்தில் ‘கிராஃபிக்ஸ்’ பகுதிக்குப் போங்கள். அதில் இரண்டே இடங்களைப் பார்த்தால் போதும். கார்டின் பெயருக்குப் பக்கத்தில் ‘டிரைவர்’, அதாவது கார்டை இயக்கும் மென்பொருள், என்று இருக்கும். நல்ல நிலையில் அங்கே என்விடியா என்றும் ஒரு பதிப்பு எண்ணும் வரும். உங்களுக்கு அநேகமாக ‘என்/ஏ’ என்று, அதாவது எந்த டிரைவரும் ஏறவில்லை என்று காட்டும். கொஞ்சம் கீழே ஓப்பன்ஜிஎல் வரியில் ‘ரெண்டரர்’ இருக்கும். அங்கே கார்டின் பெயருக்குப் பதிலாக எல்எல்விஎம்பைப் என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம். இனி எதை மாற்றினாலும் இந்த ரெண்டரர் வரியைத் திரும்ப வந்து பாருங்கள். திரை ‘கொஞ்சம் வேகமாக இருக்கிற மாதிரி’ தோன்றுவதை நம்ப வேண்டாம்.

டிரைவர் ஏன் ஏறவில்லை? என்விடியா டிரைவரின் ஒரு பாகம் கெர்னலுக்குள் உட்கார வேண்டிய மாட்யூல். அதை ஒவ்வொரு கெர்னல் பதிப்புக்கும் தனியாகக் கட்ட வேண்டும். புதுக் கெர்னல் வரும்போதெல்லாம் டிகேஎம்எஸ் என்கிற கருவி அதைத் தானாகக் கட்டித் தருகிறது. கட்டுவதற்குத் தேவையான அந்தக் கெர்னலின் ஹெடர் கோப்புகள் இல்லையென்றாலோ, டிரைவர் பதிப்பு புதுக் கெர்னலோடு ஒத்துவராத அளவுக்குப் பழையது என்றாலோ, வட்டில் இடமே இல்லையென்றாலோ கட்டும் வேலை பாதியில் நின்றுபோகும். நோவோ என்கிற திறந்தமூல டிரைவராவது கைகொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். என்விடியாவின் டிரைவரை நிறுவும்போதே நோவோ ஏறக்கூடாது என்று தடுப்புப் பட்டியலில் எழுதிவிடுவார்கள். அதனால் இதுவும் இல்லாமல் அதுவும் இல்லாமல் திரை அம்போவென்று நிற்கிறது.

முதலில் பழைய கெர்னலில் பூட் செய்து பாருங்கள். கணினி தொடங்கும்போது எஸ்கேப் விசையைத் தட்டினால் எந்தக் கெர்னலில் தொடங்குவது என்று கேட்கும் கிரப் பட்டியல் வரும். பழைய பயாஸ் முறையில் பூட் ஆகும் கணினி என்றால் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடியுங்கள். அதில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய், மேலே இருப்பதற்கு அடுத்த பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்திலேயே ‘ரிக்கவரி மோட்’ என்றும் ஒரு வரி இருக்கும், அதைத் தொட வேண்டாம். அது, டிரைவர் திரையின் அமைப்பைக் கையில் எடுக்காமல் தடுக்கும் நோமோட்செட் என்ற அளவுருவோடு பூட் ஆகும். அந்த அளவுரு இருந்தால் நல்ல டிரைவர்கூட முழுதாக வேலை செய்யாது, பரிசோதனை குழம்பிவிடும். பழைய கெர்னலில் திரை பழையபடி விரிந்து இரண்டு மானிட்டரும் வந்துவிட்டால், கார்டு நன்றாக இருக்கிறது, புதுக் கெர்னலுக்கு மாட்யூல் கிடைக்கவில்லை என்று முடிவு செய்துகொள்ளலாம். வீடியோவை அவசரமாகக் கொடுக்க வேண்டும் என்றால் அதிலேயே இருந்து வேலையை முடியுங்கள். பழைய கெர்னலில் சில நாள் ஓட்டுவதால் எதுவும் கெட்டுவிடாது.

அப்புறம் நிதானமாக உட்கார்ந்து, டெர்மினலில் டிகேஎம்எஸ் என்று தட்டி, ஒரு இடைவெளி விட்டு, ஸ்டேட்டஸ் என்று தட்டுங்கள், எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்தில். டிகேஎம்எஸ் வழியாக வந்த டிரைவர் என்றால், ஒவ்வொரு கெர்னலுக்கும் ஒரு வரி வரும். புதுக் கெர்னலின் எண்ணோடு ‘இன்ஸ்டால்டு’ என்று வரி இல்லையென்றால், மேலே சொன்ன கட்டுமானச் சிக்கல்தான். இதற்கு டிரைவர் மேனேஜரைத் திறந்து, நோவோவுக்கு மாறி, அப்ளை கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். திரும்ப வந்து என்விடியா டிரைவரைத் தேர்ந்தெடுத்து மறுபடி ரீஸ்டார்ட் செய்யுங்கள். சுற்று வழியாகத் தெரியலாம். ஆனால் பாதி கட்டிய பழைய மிச்சங்களைத் துடைத்துவிட்டுப் புதிதாகக் கட்ட வைப்பதில் இதைவிடப் பத்திரமான வழி இல்லை. அதற்கு முன், ஏதாவது தவறினால் சிஸ்டத்தைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும் டைம்ஷிஃப்டில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவிடுங்கள்.

‘இன்ஸ்டால்டு’ என்று இருந்தும் ரெண்டரர் எல்எல்விஎம்பைப் ஆகவே இருந்தால் இரண்டு இடங்களைச் சந்தேகப்படுவேன்.

முதலாவது, உங்கள் கார்டு என்பதாலேயே அழுத்திச் சொல்கிறேன். டிரைவர் மேனேஜர் பட்டியலில் ஒரே எண்ணில் இரண்டு வரி இருக்கலாம், ஒன்றின் கடைசியில் ‘ஓப்பன்’ என்று சேர்ந்திருக்கும். திறந்தமூலத்தின் மேல் பிரியமுள்ளவர்கள் இதைப் பார்த்ததும் கை நீட்டிவிடுவார்கள். 2022-இல் என்விடியா வெளியிட்ட திறந்த மாட்யூல் அது. ட்யூரிங் தலைமுறையும் அதற்குப் பிறகு வந்தவையும், அதாவது ஜிடிஎக்ஸ் 16, ஆர்டிஎக்ஸ் 20 வரிசை முதலானவை மட்டும்தான் அதில் ஓடும். 1050 டிஐ அதற்கு முந்தைய பாஸ்கல் தலைமுறை. ஓப்பன் மாட்யூல் அழகாகக் கட்டப்பட்டுவிடும், கட்டும்போது பிழைச்செய்தியும் இராது, ஆனால் உங்கள் கார்டை அது ஏற்றுக்கொள்ளாது. ஆகவே ஓப்பன் என்ற ஒட்டு இல்லாத வரியைத் தேர்ந்தெடுங்கள். எண்ணைப் பொறுத்தவரை, பாஸ்கலுக்கு ஆதரவு தரும் கடைசி வரிசை 580. அதற்கு மேல் போக வேண்டாம்.

இரண்டாவது, செக்யூர் பூட். பயாஸில் அது இயங்கும் நிலையில் இருந்தால், கையொப்பம் இல்லாத மாட்யூலைக் கெர்னல் உள்ளே விடாது. டிரைவர் நிறுவும்போது ஒரு கடவுச்சொல் வைக்கச் சொன்னால் அது இதற்காகத்தான். அடுத்த ரீஸ்டார்ட்டில் நீலத் திரை ஒன்று வரும், சில நொடிகளில் தானாகவே போய்விடும். வைரஸோ என்று பயந்து பலர் அதைத் தாண்டிவிடுகிறார்கள். தாண்டாமல் ஒரு விசையைத் தட்டி, ‘என்ரோல் எம்ஓகே’, ‘கன்டின்யூ’, ‘யெஸ்’ என்று போய் அந்தக் கடவுச்சொல்லைக் கொடுங்கள். அந்த இடத்தில் விசைப்பலகை அமெரிக்க அமைப்பிலேயே இருக்கும் என்பதால் வெறும் எழுத்தும் எண்ணுமாக வைத்துக்கொள்வது நல்லது. வீட்டுக் கணினிதான், விண்டோஸும் அதில் இல்லை என்றால், பயாஸில் செக்யூர் பூட்டை அணைத்துவிடுவதிலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. அலுவலகக் கணினி என்றால் அங்கே நிர்வகிப்பவரைக் கேட்காமல் செய்யாதீர்கள்.

இதற்கிடையில், என்விடியா தளத்திலிருந்து டிரைவரை நேரடியாக இறக்கி நிறுவும்படி யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். அது மின்ட்டின் பேக்கேஜ் கணக்குக்கு வெளியே போய் உட்காரும், அடுத்த கெர்னல் அப்டேட்டில் இதே நாடகம் திரும்ப நடக்கும். நோவோவிலேயே இருந்துவிடலாமா என்றால், மின்னஞ்சலும் இணையமும் மட்டும் போதும் என்பவருக்கு இருக்கலாம், எஃபெக்ட்ஸ் ஓரளவு ஓடும். உங்களுக்கு அது சரிப்படாது. பாஸ்கல் கார்டின் வேகத்தை நோவோவால் கூட்ட முடியாது, கார்டை வைத்து வீடியோவை என்கோட் செய்யும் என்வென்க் வசதியும் அதில் கிடையாது.

இன்டெல், ஏஎம்டி கிராஃபிக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கட்டுமானத் தொல்லையே இல்லை. அவர்களுடைய டிரைவர் கெர்னலுக்குள்ளும் மெசாவிலும் ஏற்கெனவே இருக்கிறது. அங்கே எல்எல்விஎம்பைப் தெரிந்தால், நிறுவும்போது கம்பாட்டிபிலிட்டி மோடில் போட்டு நோமோட்செட் கிரப் அமைப்பில் தங்கிவிட்டதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

கார்டு திரும்பிய பிறகு அசைவுகளைப் பழையபடி இயக்கிக்கொள்ளுங்கள். வீடியோ ஓடும்போது படம் குறுக்கே கிழிவதுபோல் தெரிந்தால், என்விடியா செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பக்கத்தின் அட்வான்ஸ்டு பகுதியில் ‘ஃபோர்ஸ் ஃபுல் கம்போசிஷன் பைப்லைன்’ என்பதை டிக் செய்யுங்கள். தூக்கத்திலிருந்து எழுப்பியதும் பேனல் எழுத்துகள் சிதைந்து தெரிந்தால் கன்ட்ரோல், ஆல்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். சின்னமன் மட்டும் மறுபடி தொடங்கும், திறந்திருக்கும் ஜன்னல்கள் மூடாது.

இத்தனைக்கும் மசியவில்லை என்றால் மறுபடி எழுதுங்கள். எழுதும்போது சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் உள்ள கிராஃபிக்ஸ் பகுதி முழுவதையும், டிகேஎம்எஸ் காட்டிய வரிகளையும், டிரைவர் மேனேஜரில் நீங்கள் தேர்ந்தெடுத்த வரி எது என்பதையும் அப்படியே அனுப்புங்கள்.