சிடி ரிப்போர்ட்டில் ‘கீரோஸ் டைப் 3’: சைனஸ் ஆபரேஷன் செய்யலாமா?

கேள்வி: எனக்கு வயது 38. நீண்ட நாளாக மூக்கடைப்பும் தலைபாரமும் இருக்கின்றன. மருந்தில் கேட்காததால் எண்டோஸ்கோப் வழியாக சைனஸ் ஆபரேஷன் செய்யலாம் என்கிறார் டாக்டர். சிடி ரிப்போர்ட்டில் ‘டிஎன்எஸ், வலது கோன்கா புல்லோசா, கீரோஸ் டைப் 3’ என்று இருக்கிறது. இணையத்தில் தேடினால் மூளை நீர் கசியும் என்று பயமுறுத்துகிறார்கள். என்ன செய்வது?

பதில்: இந்த மூன்றில் எதுவுமே நோய் இல்லை. டிஎன்எஸ் என்றால் மூக்கின் நடுச்சுவர் வளைந்திருக்கிறது. ஓரளவு வளைவு பெரும்பாலானவர்களுக்கு உண்டு. கோன்கா புல்லோசா என்பது மூக்கின் பக்கச் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் எலும்பு மடிப்பான நடு டர்பினேட்டுக்குள் ஒரு காற்றறை. அடைப்புக்குக் காரணமாக இல்லாவிட்டால் இவற்றைத் தொடவே வேண்டாம்.

மூன்றாவதுதான் சர்ஜனுக்கு முக்கியம். மூக்கின் கூரைதான் மூளைக்குத் தரை. அதன் நடுவில், முகர்வு நரம்பு இழைகள் இறங்கி வரும் சல்லடைத் தட்டு சற்றுப் பள்ளத்தில் இருக்கும். அந்தப் பள்ளத்தின் ஆழத்தைக் குரோஷிய உடற்கூறியலாளர் கீரோஸ் 1962-ல் மூன்றாகப் பிரித்தார்: 1–3 மி.மீ., 4–7 மி.மீ., 8–16 மி.மீ. உங்களுடையது மூன்றாவது வகை. பள்ளம் ஆழமானால் அதன் பக்கச் சுவரும் உயரமாகும். மண்டையோட்டு அடித்தளத்திலேயே மிக மெல்லிய எலும்பு அதுதான். பல இடங்களில் 0.2 மி.மீ. கூட இருக்காது. சைனஸ் ஆபரேஷனில் கருவி வேலை செய்வது இதற்குப் பக்கத்திலேயே.

நடுச்சுவர் வளைவைப் பார்த்துக் கூரையின் ஆழத்தைச் சொல்லிவிட முடியாது. ஆனால் தொடர்பு வேறு விதத்தில் இருக்கிறது. நடுச்சுவரின் மேல் எலும்பும் நடு டர்பினேட்டும் அந்தக் கூரையில்தான் போய் ஒட்டுகின்றன. கீழே பிடித்து முறுக்கினால் மேலே விரிசல் விழலாம். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் எலும்பைத் திருகி இழுக்காமல் வெட்டி எடுக்கிறார்கள். கோன்கா புல்லோசாவிலும் வெளிப்பாதியை மட்டும் நீக்கி, கூரையில் ஒட்டிய உள்பாதியை விட்டுவிடுகிறார்கள்.

ஆகவே டைப் 3 என்பதற்காக ஆபரேஷனைத் தவிர்க்க வேண்டியதில்லை. என்னைக் கேட்டால், முன்பு ஆபரேஷன் ஆன மூக்கும் பெரிய பாலிப்பும் (மூக்குக்குள் வளரும் சதை)தான் இதைவிட அதிகக் கவனம் கேட்பவை. டைப் 1 என்றால் ஆபத்தே இல்லை என்றும் அர்த்தமில்லை.

டாக்டரிடம் ரிப்போர்ட்டை மட்டும் நீட்டாமல் சிடி படங்களையும் கொண்டுபோங்கள். வலது, இடது பள்ளம் ஒரே ஆழமா? முன் எத்மாய்டு தமனி என்ற ரத்தக் குழாய் கூரைக்குக் கீழே தொங்குகிறதா? பார்வை நரம்பை ஒட்டி ஓனோடி அறை (பின்பக்க சைனஸ் காற்றறை) இருக்கிறதா? இவற்றைக் கேளுங்கள். அப்புறம், ஸ்கேனில் சைனஸ் எல்லாம் தெளிவாக இருந்தும் தலைபாரத்துக்காக மட்டும் ஆபரேஷன் என்றால், வேறொரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடமும் கேட்டுவிடுங்கள்.

கசிவு அரிது. ஆபரேஷனின்போதே கண்ணில் பட்டால் அப்போதே ஒட்டுப் போட்டு அடைத்துவிடுவார்கள். வீட்டுக்கு வந்தபின் குனியும்போது ஒரு பக்க மூக்கில் மட்டும் தண்ணீர் மாதிரி சொட்டினால், தொண்டையில் உப்புக் கரித்தால், கடும் தலைவலி, காய்ச்சல், கழுத்து இறுக்கம் வந்தால் மூக்கைச் சிந்தாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சொட்டும் நீரைப் பிடித்து பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் சோதனை செய்தால், அது சளியா மூளை நீரா என்று தெரிந்துவிடும்.