கணக்குத் தளங்கள்: பெற்றோர், ஆசிரியர் கேள்விகளுக்குப் பதில்

அரசுப் பள்ளியில் 22 வருடமாகக் கணக்கு எடுக்கிறேன். கணக்கு கற்றுத்தரும் ஒரு இணையதளத்தைப் பிள்ளைகளிடம் கொடுப்பதற்கு முன்னால் நானே மாணவி மாதிரி உட்கார்ந்து போட்டுப் பார்ப்பேன். அதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

பையன் ஆறாம் வகுப்பு, பின்னம் வரவே மாட்டேன் என்கிறது. எனக்கும் கணக்கு அவ்வளவாக வராது டீச்சர். ஒரு தளம் நல்லதா என்று எப்படிப் பார்ப்பது?

உங்களுக்குக் கணக்கு வரவேண்டும் என்றே இல்லை அம்மா. வேண்டுமென்றே தப்பு விடை போடுங்கள். 1/2 + 1/3 கேட்டால் 2/5 என்று அடியுங்கள். மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டிவிடுவது பிள்ளைகள் வழக்கமாகச் செய்கிற தப்பு. அதற்கு அந்தத் தளம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். சிவப்பில் ஒரு பெருக்கல் குறி போட்டு "மீண்டும் முயல்க" என்பதோடு நின்றுவிட்டால் பையனுக்கு அங்கே வேலை இல்லை. 2/5 பாதியை விடக் குறைவு, பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் எப்படிக் குறையும் என்று ஒரு படமாவது போட்டுக் காட்டினால் அந்தத் தளத்தை விடாதீர்கள்.

அப்புறம் சரியான விடையையே வேறு உருவத்தில் போடுங்கள். 5/6க்குப் பதில் 10/12. "சுருக்கி எழுது" என்று வந்தால் நல்லது. மொட்டையாகத் தப்பு என்று வந்தால் ஆபத்து. என் வகுப்பில் ஒரு பெண் நோட்டில் 10/12 என்று சரியாக எழுதியிருந்ததை அடித்துவிட்டு, ஏதேதோ எழுதி, ரப்பர் தேய்த்துத் தேய்த்துத் தாளே கிழிந்துபோயிருந்தது. ஏன் என்று கேட்டால், "அது தப்புன்னு வந்துச்சு மிஸ்" என்றாள். சமான பின்னம் அவளுக்குத் தெரியும். தெரிந்ததை அந்தத் தளம் கெடுத்துவிட்டது.

கான் அகாடமி மட்டும் போதுமா?

நல்ல தளம், இலவசம், விளம்பரத் தொல்லை கிடையாது. ஆனால் வீடியோவை மட்டும் பார்த்தால் எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும், தனியாகப் போடும்போதுதான் கை நிற்கும். பக்கத்தில் நோட்டும் பென்சிலும் இருக்கவேண்டும்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குச் சிறந்த ஆப் எது?

பாடப்புத்தகம், அதிலுள்ள எடுத்துக்காட்டுக் கணக்குகள், பழைய வினாத்தாள். ஆப் தேடுகிற நேரத்தில் ஒரு பயிற்சியை முடித்துவிடலாம்.

நானும் கணக்கு ஆசிரியர்தான். வடிவங்களை வரைந்து அளக்கிற ஜியோஜீப்ரா தளத்தில் முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டிக் காட்டினேன், 181 வந்தது. பிள்ளைகள் கத்திவிட்டார்கள். தளம் தப்பா?

தளம் தப்பில்லை சார். கோணத்தை முழு டிகிரியாகக் காட்டும்படி வைத்திருந்திருப்பீர்கள். 60.6, 59.7, 59.7 என்றால் கூட்டல் சரியாக 180. முழுதாக்கினால் 61, 60, 60, கூட்டினால் 181. இதை மறைக்காதீர்கள், இரண்டு தசம இடம் வைத்து அதே முக்கோணத்தைத் திரும்பக் காட்டுங்கள். அளப்பது வேறு, நிரூபிப்பது வேறு என்று சொல்ல இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. 2001இல் மார்கஸ் ஹோஹன்வார்ட்டர் ஆஸ்திரியாவில் தொடங்கியதிலிருந்து ஜியோஜீப்ராவின் பலமே புள்ளியைப் பிடித்து இழுக்கலாம் என்பதுதான். அரைவட்டத்தில் ஒரு புள்ளியை வைத்து, விட்டத்தின் இரு முனைகளோடும் சேர்த்து இழுத்துக்கொண்டே போங்கள். புள்ளி நகரும், அங்கே உள்ள கோணம் 90 டிகிரியிலிருந்து நகராது. வகுப்பு அப்படியே அமைதியாகிவிடும், பார்த்திருக்கிறேன்.

சேமித்து வைத்த பழைய இணைப்புகள் பல திறப்பதே இல்லையே?

பழைய தளங்களில் அசையும் படங்களை ஓட்டிய ஃப்ளாஷ் என்ற மென்பொருள் 2020 டிசம்பர் 31ஓடு நின்றுவிட்டது, அதில் செய்தவை பெரும்பாலும் அதோடு போயின. எதைக் காட்டுவதானாலும் முந்தின நாள் மாலை ஒரு சாதாரண போனில் திறந்து பாருங்கள்.

தமிழில் நல்ல தளம் உண்டா?

பெட் (PhET) என்ற கணக்கு, அறிவியல் தளத்தின் செயல்பாடுகள் பல தமிழில் இருக்கின்றன, ஜியோஜீப்ராவையும் தமிழில் வைத்துக்கொள்ளலாம். இயந்திரம் மொழிபெயர்த்த தளங்களில் மட்டும் கவனம். நம் பாடநூலில் 0, 1, 2, 3 என்று போவது முழு எண்கள். குறை எண்களும் சேர்ந்தால் முழுக்கள், ஆங்கிலத்தில் இன்டிஜர். பல தளங்கள் இரண்டையும் "முழு எண்" என்றே போட்டுவிடுகின்றன. -3 எதில் சேரும் என்று ஒரு கேள்வி வந்தால் பிள்ளை மாட்டிக்கொள்ளும்.

(ஒரு மென்பொருள் பொறியாளர்) இன்டிஜரை முழு எண் என்றுதான் எல்லோரும் எழுதுகிறோம். கருத்து புரிந்தால் போதாதா? சொல்லில் என்ன இருக்கிறது?

உங்களுக்குக் கருத்து ஏற்கெனவே தெரியும் தம்பி, அதனால் சொல் எதுவானாலும் ஓடிவிடும். பதினொரு வயதுப் பிள்ளைக்கு அந்தச் சொல்தான் பிடிமானம். காலையில் வகுப்பில் -3 முழு எண் இல்லை என்று படித்துவிட்டு, மாலையில் திரையில் முழு எண் என்று பார்த்தால் அது யாரை நம்பும்?

(யாழ்ப்பாணத்திலிருந்து) டீச்சர், எங்களுக்கு முக்கோணம் இல்லை, முக்கோணிதான். கணத்தை (செட்) தொடை என்போம். உங்கட சொற்களோடு தளம் செய்தால் எங்கட பிள்ளைகள் என்ன செய்வது?

சரியான கேள்வி. இத்தனை நேரம் நம் பாடநூல் என்று பேசிக்கொண்டிருந்த எனக்கு இது உறைக்கிறது. தமிழில் தளம் செய்கிறவர்கள் இரண்டு வழக்கையும் வைத்து, எது வேண்டும் என்று பிள்ளையே தேர்ந்தெடுக்கும்படி விடவேண்டும். பொறியாளர் தம்பி, இது உங்களால் முடிகிற வேலை, செய்து கொடுங்கள்.

போட்டோ எடுத்தால் விடை தரும் ஆப்?

தானே போட்டு முடித்த பிறகு சரிபார்க்க மட்டும். அதற்கு முன்னால் போனைக் கையில் கொடுக்காதீர்கள்.

நாலாம் வகுப்புக்கு எந்தத் தளம் பெஸ்ட்?

மேலே சொல்லிவிட்டேன். தப்பு விடை போட்டுப் பாருங்கள்.

ஏழாம் வகுப்புக்கு?

அதேதான். தப்பு விடை.

மகள் எக்ஸெலில் =-3^2 போட்டாள், 9 வந்தது. டெஸ்மாஸ் என்ற கால்குலேட்டர் தளத்தில் -9. எது சரி?

கணக்கு வழக்கப்படி -9. முதலில் 3இன் வர்க்கம், பிறகுதான் கழித்தல் குறி. எக்ஸெல் குறியை 3ஓடு முதலில் ஒட்டிவிடுகிறது, அது அவர்கள் வைத்துக்கொண்ட விதி. (-3)^2, -(3^2) என்று அடைப்புக்குறி போட்டு இரண்டையும் இரண்டு இடத்திலும் அடிக்கச் சொல்லுங்கள். இரண்டு திரையையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றியிருக்கிறதே அந்தப் பிள்ளைக்கு, நான் சொன்னேன் என்று பாராட்டுங்கள்.