அந்தச் சட்டையை ஏன் மறைத்தீர்கள்?

கேள்வி: 15 ஆண்டுகளாகக் கிராம வாழ்க்கையை ஆயில் பெயிண்டிங்கில் வரைகிறேன். 'அப்படியே போட்டோ மாதிரி இருக்கு' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். உலக்கை குத்தும் பெண், மாட்டுவண்டி, களையெடுப்பு ஆகிய மூன்று படங்களை அனுப்பியிருக்கிறேன். எங்கே தவறு? (ஒரு வாசகர், ஆத்தூர்)

பதில்: கை சுத்தமாக இருக்கிறது. ஊர்தான் இல்லை. வண்டியும் உலக்கையும் காலண்டரிலிருந்து இறங்கி வந்தவை. உலக்கைப் படத்துக்கு 'சேர்வராயன் மலையின் ஆதி கிராமம்' என்று தலைப்பு; பின்னால் மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக்! அது ஆஸ்திரேலிய மரம், காபித் தோட்டத்து நிழலுக்காக நட்டது. காபியே 1820களில், சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்தில்தான் அந்த மலையிலுள்ள ஏற்காட்டுக்கு வந்தது. ஆதியாவது கிராமமாவது.

ஆத்தூரில் குடியிருந்துகொண்டு, ஜவ்வரிசி காயும் களத்தை ஒருமுறைகூட வரையாமல் இருக்கத் தனி வைராக்கியம் வேண்டும். உலகப்போரில் இறக்குமதி நின்று, 1940களில் இங்கே வேர்விட்ட தொழில் அது. ஜவ்வரிசிக்கு மூலமான குச்சிக்கிழங்கு (மரவள்ளி) மூன்று தலைமுறையின் நினைவு.

காலை 11 மணிக்குப் போய்ப் பாருங்கள். வெளிச்சம் மேலிருந்து மட்டும் வராது. வெள்ளைக் களத்தில் பட்டுக் கீழிருந்தும் ஏறும். தாடைக்கு அடியில், மூக்குக்கு அடியில், இருட்டாக இருக்க வேண்டிய இடமெல்லாம் வெளுத்திருக்கும். செல்போன் இதைப் பிடிக்காது. களத்தின் வெள்ளைக்கு அது அளவு வைத்துக்கொண்டால் முகம் கரியாகிவிடும். அதைப் பார்த்து வரைந்தால் நீங்களும் கறுப்பைத்தான் எடுப்பீர்கள். களத்துக்கு ஒன்று, முகத்துக்கு ஒன்று எனச் செல்போனில் தனித்தனியாக வெளிச்ச அளவு வைத்து இரண்டு படம் எடுங்கள். நிறத்தை அங்கேயே பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் கறுப்பு டியூபைத் திறக்கவே வேண்டாம். தோல் சாம்பல் பூத்துவிடும். பர்ன்ட் அம்பரும் (கரும்பழுப்பு) அல்ட்ராமரைனும் (அடர்நீலம்) சேர்ந்தால் நிழல். வெயில் படும் இடத்துக்கு பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), கொஞ்சம் மஞ்சள் காவி. நெற்றி மினுக்கில் வானத்தின் நீலம் ஒரு துளி. களம் முழுக்கச் சுத்த டைட்டானியம் வெள்ளையை அப்பினால் முகத்தில் மினுக்குக்கு மேலே போக இடமிருக்காது. களத்தில் மஞ்சள் காவியைக் கலந்து ஒரு படி இறக்கிவையுங்கள்.

அடிப்பூச்சில் டர்பன்டைன் கலந்து மெல்லிசாக. மேலே போகப் போக ஆளி எண்ணெய் கூட. வண்டிச் சக்கரத்தில் இதைத் தலைகீழாகச் செய்திருக்கிறீர்கள். அடியில் எண்ணெய் அதிகம், அது மெதுவாகத்தான் காயும். முந்திக் காய்ந்த மேல்பூச்சு வெடித்துவிட்டது. சேலத்து வெயில்மேல் பழி போடாதீர்கள்.

கடைசியாக, களையெடுப்பு. மூன்றில் அதுதான் உயிருள்ள படம். நடுவில் நிற்கும் பெண்ணின் கழுத்தோரம் ஒரு காலரை வரைந்து, மேலே பூசி மறைத்திருக்கிறீர்கள். வெயிலுக்கும் சுணைக்கும் சேலைமேல் ஆம்பளைச் சட்டை மாட்டிக்கொண்டு வேலை செய்பவர்களைத்தான் முதலில் பார்த்திருக்கிறீர்கள். பிறகு 'கிராமத்துப் பெண்' ஞாபகம் வந்து கழற்றிவிட்டீர்கள். மெல்லிசாகப் பூசிய ஆயில் வண்ணம் ஆண்டுகள் போகப் போக ஊடே காட்டத் தொடங்கும். அந்தக் காலர் எப்படியும் வெளியே வரும், நீங்களே வரைந்துவிடுங்கள்.