நிக்கான் இசட் கேமரா: டிஎஸ்எல்ஆரிலிருந்து மாறுகிறவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

டி750, டி7200 மாதிரியான பழைய பாடிகளை வைத்திருந்து இப்போது இசட்5-2 (2025 ஏப்ரலில் வந்தது) அல்லது இசட்6-3 (2024 ஜூன்) பக்கம் வருகிறவர்களின் கேள்விகளே இந்த முறை அதிகம். பாடி வாங்கிய கையோடு லென்ஸும் வாங்காதீர்கள் என்பதுதான் அத்தனை பேருக்கும் நான் சொல்வது. பழைய லென்ஸை இசட் பாடியில் பொருத்தும் எஃப்டிஇசட் அடாப்டரைப் போட்டு, இருக்கிற லென்ஸில் எடுங்கள், பட்டன்களை உங்கள் விரலுக்கு ஏற்ப அமையுங்கள். எந்த இடத்தில் லென்ஸ் காலை வாருகிறது என்று தெரிந்த பிறகு பணத்தை எடுங்கள்.

கேள்வி (திண்டுக்கல், திருமணப் படங்கள் எடுப்பவர்): அண்ணா, என்னிடம் 50 எஃப்/1.8டி, 85 எஃப்/1.8டி, 24-120 எஃப்/4ஜி விஆர், 70-200 எஃப்/2.8 விஆர்-2 இருக்கின்றன. இசட்5-2 வாங்கினால் எல்லாம் வேலை செய்யுமா? அடாப்டர் போட்டால் தரம் குறையுமா?

பதில்: ஜூம் இரண்டும் ஆட்டோ ஃபோகஸோடு முழுதாக வேலை செய்யும். பெயரில் 'டி' உள்ள 50, 85 இரண்டிலும் ஆட்டோ ஃபோகஸ் கிடைக்காது.

லென்ஸைக் கழற்றிப் பின்பக்க உலோக வளையத்தைப் பாருங்கள். ஸ்க்ரூடிரைவர் நுனி உட்காரும் மாதிரி சின்னதாக ஒரு பிளவு தெரிந்தால், அந்த லென்ஸுக்குள் மோட்டார் இல்லை. டி750 பாடிக்குள் இருந்த மோட்டார்தான் அதைச் சுழற்றிக்கொண்டிருந்தது. எஃப்டிஇசட் அடாப்டரில் அந்த மோட்டார் கிடையாது. ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி, ஏஎஃப்-ஐ என்று எழுதியிருக்கும் லென்ஸ்களுக்குத்தான் ஆட்டோ ஃபோகஸ். டி லென்ஸில் கையால் ஃபோகஸ் செய்யலாம். அப்பர்ச்சரைப் பாடியிலிருந்தே மாற்றலாம், ஆனால் லென்ஸில் உள்ள வளையத்தை மிகச் சிறிய துளைக்கு (எஃப்/16 அல்லது எஃப்/22, ஆரஞ்சு நிற எண்) திருப்பிப் பூட்டி வைக்க வேண்டும்.

தரம் குறையாது. அடாப்டருக்குள் கண்ணாடியே இல்லை. பழைய எஃப் மவுன்ட்டில் லென்ஸுக்கும் சென்சாருக்கும் 46.5 மிமீ இடைவெளி, இசட் மவுன்ட்டில் 16 மிமீ. மீதி 30.5 மிமீயை நிரப்பும் குழாய்தான் அது. புதியதாக வாங்கினால் எஃப்டிஇசட்-2 வாங்குங்கள். முதல் எஃப்டிஇசட்டில் அடியில் ட்ரைபாட் கால் துருத்திக்கொண்டிருக்கும், பிடிக்கும் விரலை அது இடிக்கும். 70-200ஐ ட்ரைபாடில் வைக்கும்போது லென்ஸின் காலரில்தான் பூட்ட வேண்டும், பாடியில் அல்ல. டாம்ரான், சிக்மா லென்ஸ் ஏதாவது இருந்தால் ஃபர்ம்வேர் (லென்ஸுக்குள் இருக்கும் மென்பொருள்) புதுப்பித்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பழைய ஃபர்ம்வேரோடு சில லென்ஸ்கள் அடாப்டரில் தடுமாறும்.

கேள்வி (ஈரோடு): ஸ்டுடியோவில் 1/160, எஃப்/8, ஐஎஸ்ஓ 100 வைத்தால் வியூஃபைண்டர் கும்மிருட்டாகிவிடுகிறது. கேமரா பழுதா சார்?

பதில்: பழுது இல்லை. ப்ளாஷ் வெடிக்காவிட்டால் படம் எப்படி வருமோ அதைத்தான் காட்டுகிறது. கஸ்டம் செட்டிங்ஸ் மெனுவில் டி பிரிவுக்குப் போய் 'வியூ மோட்' என்பதை 'அட்ஜஸ்ட் ஃபார் ஈஸ் ஆஃப் வியூவிங்' என்று மாற்றுங்கள், வெளிச்சமாகிவிடும். 'ப்ளாஷ் இல்லாதபோது மட்டும் விளைவைக் காட்டு' என்ற தேர்வும் உண்டு. நிக்கான் ப்ளாஷைக் கேமரா அடையாளம் கண்டுகொள்ளும், அதனால் அங்கே அது பயன்படும். நடுவில் ஒற்றைப் பின் மட்டும் உள்ள மலிவான ட்ரிகரைக் கேமராவால் அடையாளம் காண முடியாது, அங்கே பயன்படாது. ஸ்டுடியோ முடிந்து வெளியே போகும்போது மறக்காமல் பழையபடி மாற்றுங்கள். இல்லையென்றால் எக்ஸ்போஷர் தவறியிருப்பது கண்ணுக்குத் தெரியாது.

கேள்வி (யாழ்ப்பாணம்): எடுத்துக்கொண்டிருக்கும்போதே படங்கள் திடீரென்று இருட்டாகவோ வெளுத்தோ போகின்றன. எந்த டயலையும் தொடவில்லை.

பதில்: டயலைத் தொட்டிருக்க மாட்டீர்கள், லென்ஸில் உள்ள கண்ட்ரோல் வளையத்தைத் தொட்டிருப்பீர்கள். அதற்கு அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ, எக்ஸ்போஷர் காம்பென்சேஷன் என்று ஏதாவது ஒரு வேலை கொடுக்கப்பட்டிருக்கும். வளையம் தடங்கலே இல்லாமல் சுழலும், கை பட்டாலே நகர்ந்துவிடும். கஸ்டம் செட்டிங்ஸ் எஃப்2-இல் லென்ஸ் கண்ட்ரோல் வளையத்தை 'நன்' (எந்த வேலையும் இல்லை) ஆக்குங்கள்.

கேள்வி (கோவை): பட்டன்களை எப்படி அமைப்பது? மண்டபத்தில் மேடை, வாசல், பந்தி என்று ஓடிக்கொண்டே இருக்கிறேன். மெனுவுக்குள் போக நேரமில்லை.

பதில்: கண்ணை வியூஃபைண்டரிலிருந்து எடுக்காமல் எதையெல்லாம் மாற்ற முடிகிறது என்பதுதான் அளவுகோல். மண்டபத்துக்கு நான் சொல்லும் அமைப்பு இது.

ஃபோகஸ் ஏஎஃப்-சி (அசைவதைத் தொடர்ந்து ஃபோகஸ் செய்வது). ஏரியா 'வைட் எல்', சப்ஜெக்ட் டிடெக்ஷனில் 'பீப்பிள்'. ஷட்டரைப் பாதி அழுத்தினால் முகத்தையும் கண்ணையும் தானே பிடிக்கும். சிக்கல் வருவது மணமக்களுக்குப் பின்னால் உறவினர் வரிசை நிற்கும்போது, கேமரா யார் முகத்துக்காவது தாவும். அதற்குத்தான் கஸ்டம் செட்டிங்ஸ் எஃப்2-இல் ஏஎஃப்-ஆன் பட்டனுக்கு 'ஏஎஃப் ஏரியா மோட் + ஏஎஃப்-ஆன்' கொடுத்து 'சிங்கிள் பாயின்ட்' தேர்ந்தெடுக்க வேண்டும். முகம் தாவியதும் கட்டைவிரலை அழுத்துங்கள், நீங்கள் வைத்த புள்ளியில் மட்டும் ஃபோகஸ் நிற்கும். விரலை எடுத்தால் மறுபடி முகம்.

முன்பக்கம் மோதிர விரலுக்கு எட்டும் எஃப்என்1-க்கு வொயிட் பேலன்ஸ் கொடுங்கள். மேடையின் மஞ்சள் விளக்கிலிருந்து வாசல் வெயிலுக்கு வரும்போது அதுதான் அடிக்கடி தேவைப்படும். எஃப்என்2-க்கு 3டி டிராக்கிங்கை இதே முறையில் கொடுக்கலாம், ஓடும் குழந்தைக்குப் பயன்படும்.

இவ்வளவையும் அமைத்தபின் செட்டப் மெனுவில் 'சேவ் யூசர் செட்டிங்ஸ்' போய், மோட் டயலில் உள்ள யு1-இல் சேமியுங்கள். மேடைக்கு யு1, பகல் வெளிச்சத்துக்கு யு2. பலர் தடுக்கி விழும் இடமும் இதுதான்: யு1-இல் இருந்தபடி ஒன்றை மாற்றிவிட்டு மறுபடி சேமிக்காமல் விட்டால், கேமராவை அணைத்துப் போட்டதும் பழைய நிலைக்கே போய்விடும். அதைக் கேமராவின் குறை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

கேள்வி (மதுரை): ஒரே ஒரு ஜூம்தான் வாங்க முடியும். இசட் 24-120 எஃப்/4 எஸ்ஸா, 28-75 எஃப்/2.8ஆ?

பதில்: நல்ல கேள்வி, ஒரு வரியில் முடிக்க முடியாது.

எஃப்/2.8 என்பது எஃப்/4ஐ விட இரண்டு மடங்கு வெளிச்சம். மண்டபத்தில் 28-75 ஐஎஸ்ஓ 3200 கேட்கும் இடத்தில் 24-120 ஐஎஸ்ஓ 6400 கேட்கும். பாடிக்குள் ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் தாங்கும், மாலை மாற்றும் கையின் அசைவை நிறுத்தாது. அதற்கு 1/200 வேண்டும், 1/200க்கு வெளிச்சம் வேண்டும்.

மறுபக்கம், 24-120இன் தூரம். மேடைக்குக் கீழே நின்றபடி 120இல் முகத்தை நிறைக்கலாம். அதே இடத்தில் 24க்குத் திருப்பினால் மேடை முழுவதும் வரும். 28க்கும் 24க்கும் உள்ள வித்தியாசம் எண்ணில் சின்னது, குடும்பக் குழுப் படத்தில் இரண்டு பேர் வெளியே நிற்பதாக முடியும். தாலி, மோதிரம், மருதாணிக் கைக்கு 35 செமீ வரை கிட்டப் போகலாம், 120இலும் அப்படியே. எடை 630 கிராம், ஃபில்டர் 77 மிமீ. 28-75 எடை 565 கிராம், ஃபில்டர் 67 மிமீ.

ப்ளாஷ் போட்டு எடுப்பவர் என்றால் 24-120 வாங்குங்கள், தயங்க வேண்டாம். ப்ளாஷ் இல்லாமல் இருக்கும் வெளிச்சத்தில் எடுப்பவர் என்றால் 28-75. என் கை 24-120 பக்கம்தான் போகும், கூட 50 எஃப்/1.8 எஸ் ஒன்று இருந்தால் இருட்டையும் சமாளிக்கலாம்.

கேள்வி (சென்னை): சைலன்ட் மோடில் எடுத்தால் எல்இடி மேடையில் படத்தில் குறுக்குப் பட்டைகள் வருகின்றன.

பதில்: எலெக்ட்ரானிக் ஷட்டர் சென்சாரை வரி வரியாகப் படிக்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மின்னுகின்றன. ஒரு வரி வெளிச்சத்திலும் அடுத்த வரி இருட்டிலும் பதிவாவதுதான் பட்டை. சைலன்ட் மோடை அணைத்து மெக்கானிக்கல் ஷட்டர் போடுங்கள், வேகத்தை 1/100 அல்லது 1/50 வையுங்கள். அதைவிட வேகம் வேண்டுமென்றால் போட்டோ ஃப்ளிக்கர் ரிடக்ஷனைப் போடுங்கள். பெரிய எல்இடி திரை வேறு கணக்கில் மின்னும், அதற்கு இந்த வேகங்கள் உதவாமல் போகலாம். திரைக்கு முன் ஒரு சோதனைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

கேள்வி (சிங்கப்பூர்): தெருவில் எடுக்கச் சின்ன லென்ஸ் ஒன்று?

பதில்: 40 எஃப்/2. எடை 170 கிராம், ஃபில்டர் 52 மிமீ. மவுன்ட் பிளாஸ்டிக் என்று தயங்குகிறார்கள், இந்த எடைக்கு அது போதும்.

கேள்வி (செங்கல்பட்டு): வேடந்தாங்கல் போகிறேன். என்னிடம் 200-500 எஃப்/5.6 இருக்கிறது. 180-600க்கு மாறலாமா?

பதில்: இந்த சீசனுக்கு அடாப்டரோடு 200-500ஐயே கொண்டுபோங்கள், அது ஏஎஃப்-எஸ் லென்ஸ். ஏஎஃப்-சி, டிடெக்ஷனில் 'பேர்ட்ஸ்', பறப்பதற்கு 1/2000க்குக் குறையாமல். இசட்5-2 என்றால் மெக்கானிக்கல் ஷட்டர்தான், எலெக்ட்ரானிக்கில் இறக்கை வளைந்து தெரியும்.

180-600இன் உண்மையான லாபம் கூடுதல் 100 மிமீ அல்ல, ஜூம். லென்ஸ் நீளாமல் உள்ளேயே ஜூம் ஆகிறது, வளையத்தைக் கொஞ்சம் திருப்பினாலே 180இலிருந்து 600க்குப் போய்விடலாம். 200-500இல் முன்பகுதி நீண்டு எடை முன்னால் சாயும், வளையத்தையும் இரண்டு முறை பிடித்துத் திருப்ப வேண்டியிருக்கும். அதற்குள் நாரை மரத்தை விட்டுப் போயிருக்கும். கூடு கட்டி உட்கார்ந்திருக்கும் பறவைகளையே எடுப்பீர்கள் என்றால் மாற வேண்டியதில்லை.

கேள்வி (நாகப்பட்டினம்): லென்ஸ் மாற்றும்போது சென்சார் அப்படியே தெரிகிறது, பயமாக இருக்கிறது.

பதில்: அணைத்தால் சென்சாருக்கு முன் திரை மூடுவது இசட்8, இசட்9இல்தான். மற்றவற்றில் கேமராவை அணைத்து, லென்ஸ் மாட்டும் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து, அடுத்த லென்ஸின் பின்மூடியை முன்கூட்டியே தளர்த்தி வைத்துக்கொண்டு மாற்றுங்கள். தூசி விழுந்தால் ரப்பர் ப்ளோயர் மட்டும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் துளி தூசியை விடக் கேடு. கடற்கரை ஊரில் தூசியை விடப் பூஞ்சைதான் லென்ஸைத் தின்னும். மூடிய பையிலேயே வாரக்கணக்கில் வைக்காமல், ஈரப்பதமானி வைத்த காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு 40-50 சதவீதத்தில் வையுங்கள். ஜெல் நிறம் மாறியதும் அடுப்புச் சூட்டில் காயவைத்துத் திரும்பப் போடலாம்.