பாரிஸ்டராக விரும்பி இலண்டன் வந்திருக்கும் தம்பிக்கு

தம்பி, மட்டக்களப்பு நீதவான் நீதிமன்றத்தில் மூன்று ஆண்டுகள் சட்டத்தரணியாகத் தோன்றிவிட்டு, மனைவியின் விசாவில் ஈஸ்ட் ஹாமுக்கு வந்து நான்கு மாதங்களாகின்றன என்று எழுதியிருந்தீர்கள். மனைவியின் பெரியப்பா 18,000 பவுண் கடன் தர முன்வந்திருக்கிறார் என்றும், அதைக் கொண்டு நீதிமன்றத்தில் வாதாடும் பாரிஸ்டருக்கான பயிற்சிப் படிப்பான பார் கோர்ஸில் இந்தச் செப்டெம்பரிலேயே சேரலாமா என்றும், குற்றவியல் வழக்குகளைத் தவிர்த்து மனித உரிமை வழக்குகளை மட்டும் செய்ய வழியுண்டா என்றும், உங்கள் ஆங்கில உச்சரிப்பு தடையாகுமா என்றும், பாரிஸ்டர்களின் அலுவலகங்கள் இருக்கும் டெம்பிளுக்கு அருகில் அறை வாடகைக்குக் கிடைக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். கடைசிக் கேள்விக்கு ஒரு வரி போதும்: ஈஸ்ட் ஹாமிலேயே இருங்கள், டிஸ்ட்ரிக்ட் லைன் அங்கிருந்து நேரே டெம்பிள் நிலையத்துக்கு வருகிறது.

பணத்தைப் பற்றித்தான் நான் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, ஏனெனில் நீங்கள் செய்யவிருக்கும் அதே பிழையைச் செய்து இரண்டு ஆண்டுகளை இழந்தவன் நான். பார் கோர்ஸை முடித்து, லிங்கன்ஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள், கிரேஸ் இன் என்ற நான்கு பாரிஸ்டர் சங்கங்களில் நீங்கள் சேர்ந்திருக்கும் இன் கேட்கும் பயிற்சி அமர்வுகளையும் நிறைவுசெய்தால், அவர்கள் உங்களைப் பாரிஸ்டராக அழைத்துவிடுவார்கள். அங்கியோடு எடுத்த படத்தை ஊருக்கு அனுப்பலாம். ஆனால் அந்த அழைப்பை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கட்சிக்காரருக்காகப் பாரிஸ்டராக எழுந்து நிற்க முடியாது. அதற்குப் பியூப்பிலேஜ் என்னும் பன்னிரண்டு மாதத் தொழிற்பயிற்சி வேண்டும். முதல் ஆறு மாதமும் மூத்தவர் ஒருவரின் பின்னால் அமர்ந்து பார்ப்பது, அடுத்த ஆறு மாதமும் சொந்தமாக வழக்குப் பேசுவது. இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து ஆண்டொன்றுக்கு அப்படி ஏறத்தாழ 500, 600 இடங்களே உண்டு. வணிகச் சட்டம், வரிச் சட்டம், குடும்பச் சட்டம் எல்லாம் போக, அரசின் சட்ட உதவி நிதியில் குற்றஞ்சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடும் சேம்பர்ஸுகள் (பாரிஸ்டர்கள் சேர்ந்து இயங்கும் அலுவலகங்கள்) தருபவை அதிலும் ஒரு பகுதிதான். கோர்ஸ் கட்டணமோ இலண்டனில் பல இடங்களில் 15,000 பவுணைத் தாண்டிவிட்டது. முடித்து ஐந்து ஆண்டுகளுக்குள் பியூப்பிலேஜைத் தொடங்காவிட்டால் அந்தப் படிப்பும் காலாவதியாகிவிடும். பெரியப்பாவின் கடன் மட்டும் காலாவதியாகாது.

நான் 1997 மார்கழியில் இங்கே வந்து இறங்கியபோது வலிகாமத்து இடப்பெயர்வு முடிந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. கொழும்பில் தொடங்கிய சட்டப் படிப்பு அரைகுறையாக நின்றுபோயிருந்தது. லேய்ட்டனில் ஒரு பெற்றோல் நிலையத்தில் இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணிவரை கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்து காசு வாங்கிப் போட்டேன். மாலையில் பர்க்பெக் கல்லூரியின் வகுப்பில் அமர்ந்து நான்கு ஆண்டுகளில் எல்எல்பி முடித்தேன். பிறகு யாரிடமும் விசாரிக்காமல், சீட்டுக் காசையும் இரண்டு நண்பர்களிடம் கைமாற்றாக வாங்கியதையும் சேர்த்துப் பார் கோர்ஸுக்குக் கட்டினேன். 2003-இல் என்னை அழைத்தார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளில் அறுபத்தொரு விண்ணப்பங்கள் எழுதி நான்கே நான்கு நேர்முகங்களுக்குப் போனேன். ஒரு சேம்பர்ஸில், என்னுடைய சமூகத்தவரின் வழக்குகளைக் கொண்டுவருவேனா என்பதைத் தவிர வேறு எதையும் அவர்கள் உருப்படியாகக் கேட்கவில்லை. இன்கள் உதவித்தொகை தருகின்றன என்பதும், அதற்குக் கோர்ஸ் தொடங்குவதற்கு முந்திய ஆண்டின் நவம்பர்த் தொடக்கத்திலேயே, அதுவும் ஒரே ஒரு இன்னுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பதும் எல்லாம் முடிந்த பிறகே எனக்குத் தெரியவந்தன. நீங்கள் இந்தச் செப்டெம்பரில் சேர்ந்தால் அந்த வாய்ப்பை நீங்களும் கைநழுவ விடுவீர்கள்.

2005-இல் எனக்குப் பியூப்பிலேஜ் கிடைத்தபோது மாதம் 833 பவுண் தந்தார்கள். அன்றைய விதிப்படி கொடுக்க வேண்டிய ஆகக் குறைந்த தொகை அது. 2025-இல் இலண்டனில் அந்த ஆகக் குறைந்த தொகை ஆண்டுக்குச் சுமார் 24,000 பவுணாக இருந்தது. இரண்டாவது ஆறு மாதத்தில் மாலை ஆறு மணிக்கு, வழக்குகளைப் பகிர்ந்தளிக்கும் சேம்பர்ஸ் கிளார்க் அழைத்து மறுநாள் காலை எந்த நீதிமன்றம் என்று சொல்வார். அரைநாள் வேலைக்கு 50 பவுண், அதிலேயே ரயில் கட்டணமும் அடக்கம், அந்தப் பணமும் கைக்கு வர மாதக்கணக்காகும். நிலைமை பிறகு சீரடைந்தது என்று நினைத்துவிடாதீர்கள். 2022 ஜூனில் குற்றவியல் பாரிஸ்டர்களான நாங்கள் விக்கும் அங்கியும் அணிந்து, இலண்டனின் மத்திய குற்றவியல் நீதிமன்றமான ஓல்ட் பெய்லியின் வாசலில் நின்றது இதற்காகத்தான். செப்டெம்பரில் காலவரையறையின்றி வேலையை நிறுத்தி, ஒக்டோபரில்தான் 15 சதவீதக் கட்டண உயர்வுக்கு உடன்பாடு கண்டோம். என்னோடு பயிற்சி தொடங்கிய திறமைசாலிகள் பலர் அதற்கு முன்பே தொழிலை விட்டுப் போய்விட்டார்கள். இன்று பாரிய குற்ற வழக்குகளை விசாரிக்கும் கிரௌன் நீதிமன்றங்களில் 70,000-க்கும் மேற்பட்ட வழக்குகள் தேங்கிக் கிடக்கின்றன. விளக்கமறியலில் இருக்கும் ஒருவருக்கு விசாரணைத் திகதி எப்போது என்று சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உங்களுக்கு வேறு வாசல்கள் திறந்திருக்கின்றன. நீங்கள் ஏற்கெனவே தகுதிபெற்ற சட்டத்தரணி என்பதால், பாரிஸ்டர்களை ஒழுங்குபடுத்தும் பார் ஸ்டாண்டர்ட்ஸ் போர்டுக்கு விண்ணப்பித்துப் பயிற்சியின் எந்தெந்தப் பகுதிகளிலிருந்து விலக்குக் கிடைக்கும் என்று முதலில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கட்சிக்காரரை நேரே சந்தித்து வழக்கைத் தயாரிக்கும் சொலிசிட்டராவதற்கான எஸ்.கியூ.ஈ. பரீட்சை 2021 முதல் நடக்கிறது. வெளிநாட்டில் தகுதிபெற்றவர்கள் அதற்கு இரண்டு ஆண்டு வேலை அனுபவம் காட்ட வேண்டியதில்லை. சொலிசிட்டர்களும் தனித் தகுதி பெற்றுக் கிரௌன் நீதிமன்றத்தில் வாதாடலாம். எல்லாவற்றுக்கும் முன்பாக, ஒரு குற்றவியல் சொலிசிட்டர் அலுவலகத்தின் கீழ் பொலிஸ் நிலையப் பிரதிநிதியாக அங்கீகாரம் பெறப் பாருங்கள். அதற்கு நீங்கள் சொலிசிட்டராக இருக்க வேண்டியதில்லை. பியூப்பிலேஜ் கிடைக்காத அந்த இரண்டு ஆண்டுகளும் நான் அத்தகைய ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்து, கிரௌன் நீதிமன்றங்களில் பாரிஸ்டர்களின் பின்வரிசையில் அமர்ந்து குறிப்பெடுத்தேன். குறுக்கு விசாரணையில் எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதைப் பார் கோர்ஸில் கற்றதைவிட அங்கேதான் அதிகம் கற்றேன்.

குற்றவியலை விட்டுவிட்டு மனித உரிமை மட்டும் என்று கேட்டீர்கள். ஊரிலிருந்து வரும் படித்த பிள்ளைகள் பலர் இப்படித்தான் கேட்கிறார்கள், எனக்கு அது வருத்தம் தருகிறது. ஸ்ட்ராஸ்பர்கில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தில் நம்மவர் பெயர்கள் உண்டு. தஞ்சம் மறுக்கப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்ட ஐந்து ஈழத் தமிழர் தொடுத்த வில்வராசா வழக்கில் 1991-இல் அந்த நீதிமன்றம், ஐரோப்பிய மனித உரிமைச் சாசனத்தில் சித்திரவதையைத் தடைசெய்யும் 3-ஆம் உறுப்புரை மீறப்படவில்லை என்றது. 2008-இல் வேறொரு தமிழரின் வழக்கில், அவரைத் திருப்பி அனுப்பினால் அது அதே உறுப்புரையை மீறும் என்றது. இடைப்பட்ட பதினேழு ஆண்டுகளில் எத்தனையோ சொலிசிட்டர்கள் தழும்புகளுக்கு மருத்துவ அறிக்கை எடுத்து, திகதிகளைச் சரிபார்த்துக் கோப்புக் கட்டினார்கள். அதே காலத்தில் நம்மவரிலேயே சிலர், சட்டம் படிக்காத, பதிவும் செய்யாத முகவர்கள், ஒரே கதையைப் பத்துப் பேருக்கு எழுதிக் கொடுத்துக் காசு வாங்கினார்கள். உண்மையாகவே சித்திரவதைபட்டவரின் வாக்குமூலத்தையும் அதிகாரிகள் சந்தேகத்தோடு வாசிக்கும் நிலை அதனால் வந்தது. அவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அப்படிப்பட்ட ஓர் அலுவலகம் உங்களுக்கு வேலை தர முன்வந்தால் அன்றைக்கே விலகிவிடுங்கள். பதிவின்றிக் குடிவரவு ஆலோசனை வழங்குவது இங்கே குற்றம்.

நியாயமான விசாரணைக்கான உரிமை அதே சாசனத்தின் 6-ஆம் உறுப்புரையில் இருக்கிறது, அதன் 3-ஆம் பந்தியில் இலவச மொழிபெயர்ப்பாளருக்கான உரிமையும் இருக்கிறது. அது எந்த இடத்தில் மீறப்படுகிறது என்பதை 2008-இல் ஸ்நேர்ஸ்புரூக் கிரௌன் நீதிமன்றத்தில் பார்த்தேன். ஐம்பது வயதைக் கடந்த கடைக்காரரான என் கட்சிக்காரர், சீட்டுக் காசு பற்றிய சண்டையில் மச்சானுக்குத் தொலைபேசியில் பேசியது பதிவாகியிருந்தது. "கொண்டு போடுவன், காலை முறிச்சு அடுப்பிலை வைப்பன்" என்றிருந்தார். கொல்வேன், காலை உடைத்து நெருப்பில் வைப்பேன் என்று சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கி, 1861-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16-ஆம் பிரிவின் கீழ்க் கொலை மிரட்டல் குற்றம் சாட்டியிருந்தார்கள். உச்ச தண்டனை பத்து ஆண்டு சிறை. இப்படிச் சொன்னீரா என்று பொலிஸார் கேட்டதற்கு அந்த மனிதர் நேர்மையாக "ஓம்" என்றிருந்தார். பத்திரத்தில் அது குற்ற ஒப்புதலாக நின்றது.

யாழ்ப்பாணத்துத் தாய்மார் குழப்படி செய்யும் பிள்ளைக்கு நாளுக்கு நான்கு முறை சொல்லும் பேச்சு அது என்று எனக்குத் தெரியும். ஆனால் பாரிஸ்டர் சாட்சியாக முடியாது. எனக்குத் தெரிந்ததை தீர்ப்புச் சொல்லும் பன்னிரண்டு யூரிமாருக்கு நான் சொல்ல முடியாது. ஆகவே முறைப்பாட்டுக்காரரான மச்சானிடமே கேட்டேன்: சிறுவயதில் உங்கள் அம்மா உங்களிடம் இப்படிச் சொன்னதுண்டா? மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்லி முடிக்கும் முன்பே அவர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்துவிட்டார். எத்தனை முறை என்றேன்; கணக்கில்லை என்றார். அம்மா உங்களைக் கொன்றுவிடுவார் என்று அன்றைக்குப் பயந்தீர்களா என்று கேட்கவில்லை. அந்தச் சிரிப்பைப் பன்னிரண்டு பேரும் பார்த்திருந்தார்கள், ஆதலால் அமர்ந்துவிட்டேன். ஒரு மணி நேரத்துக்குள் குற்றவாளி அல்ல என்று சொன்னார்கள். வெளியே குளத்தடியில் நின்று அவர் என் கையைப் பிடித்து, பேசியது பிழைதான் தம்பி, ஆனால் அவன் என்னுடைய தங்கச்சியின் புருசன், நான் அவனை என்ன செய்வேன் என்று அழுதார். என் கணக்கில் அது மனித உரிமை வழக்கு.

கல்யாண வீடுகளில், கள்ளருக்கும் குடுக்காரருக்கும் வாதாடுகிறீரே என்று இன்றும் என்னிடம் கேட்கிறார்கள். கேப் ராங்க் விதிப்படி, என் துறைக்குள் வரும் வழக்கை, ஆளையோ அவர் செய்ததாகச் சொல்லப்படுவதையோ பிடிக்கவில்லை என்பதற்காக நான் மறுக்க முடியாது. மறுக்க விரும்பியதும் இல்லை. ஊரில் சட்டத்தரணி இல்லாமல் தடுப்பில் கிடந்தவர்களைத் தெரிந்த நாங்களே இந்தக் கேள்வியைக் கேட்பது எனக்கு விளங்குவதில்லை.

உச்சரிப்புப் பற்றிக் கவலைப்படாதீர்கள். மெதுவாகவும் தெளிவாகவும் பேசினால் யூரி கேட்கும். லிங்கன்ஸ் இன்னில் இலங்கைத் தமிழரான முத்து குமாரசுவாமி 1863-இலேயே பாரிஸ்டராக அழைக்கப்பட்டுவிட்டார். தமிழை மறைத்து வைக்கும் நம்மவரைப் போல் மட்டும் ஆகிவிடாதீர்கள்.

வருகிற திங்கட்கிழமை காலை 9.45-க்கு ஸ்ட்ராட்ஃபர்ட் நீதவான் நீதிமன்றத்துக்குப் போய்ப் பொதுமக்களுக்கான இருக்கையில் மதியம்வரை இருங்கள். மட்டக்களப்பில் நீங்கள் செய்ததற்கும் அங்கே நடப்பதற்கும் என்ன வேறுபாடு கண்டீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். பொலிஸ் நிலையப் பிரதிநிதிகளைப் பயிற்றுவிக்கும் அலுவலகங்களில் எனக்குத் தெரிந்த மூன்றுக்கு உங்களைப் பற்றிச் சொல்லி வைக்கிறேன்.